பேக்லிங்க் எடுப்பவர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் நிழலில் வளர்ந்த மேனாம்பேடு போன்ற பகுதிகளில் லேத் பட்டறைக்காரர், கேஸ்கட் வெட்டுபவர், பிளேட்டிங் போடுபவர் எனப் பலரையும் எந்நாளும் காணலாம். பேக்லிங்க் எடுப்பவரோ, இவர்களுள் எவருடைய இணையதளமேனும் கூகுளின் முதற்பக்கத்திலிருந்து சறுக்கும் நாளில்தான் காட்சி தருவார். பேக்லிங்க் என்பது வேறொரு தளம் நம் தளத்தைச் சுட்டிக் கொடுக்கும் இணைப்பு. 1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், ஒரு பக்கத்தை எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் தகுதியை அளக்க முற்பட்டதால், அவ்விணைப்பு சிபாரிசின் மதிப்பைப் பெற்றது. சிபாரிசு செல்லுபடியாகும் இடத்தில் அதை விற்பவரும் முளைப்பார் என்பதை, ஸ்டான்போர்டில் படித்த அவ்விருவரைவிடத் தாலுகா அலுவலக வாசலில் ஒரு மணி நேரம் நின்றவர் தெளிவாகச் சொல்லியிருப்பார்.

நம்மவர் முதுகில் லேப்டாப் பையும், கையில் ஸ்பைரல் பைண்டிங் செய்த அறிக்கையுமாக வருவார். அறிக்கையின் முதற்பக்கத்தில் ஒரு வட்டம் சிவந்திருக்கும். அதனுள் ‘டாக்ஸிக் ஸ்கோர்’ என்னும் மதிப்பெண் இருக்கும். நச்சு இணைப்புகளின் அளவென்று சொல்லப்படும் அம்மதிப்பெண்ணைப் போடுவது தனியார் மென்பொருளே அன்றிக் கூகுள் அன்று என்பதை அறிக்கையின் எந்தப் பக்கமும் தெரிவிக்காது. “சார், உங்க சைட்டு மேல யாரோ லிங்க் அடிச்சிருக்காங்க” என்று அவர் குரலைத் தாழ்த்துவார். “யாரு தம்பி, எதிர்த்த ஷெட்டுக்காரனா?” என்று பட்டறை முதலாளி கேட்பார். “பேரெல்லாம் வேணாம் சார், எடுத்துடலாம்” என்பது விடை. செய்வினை எடுப்பவரும் வைத்தவர் பெயரைச் சொல்வதில்லை; திசையை மட்டும் காட்டி, மிச்சத்தைப் பாதிக்கப்பட்டவரின் பழைய பகைக்கே விட்டுவிடுவார். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு விசிட்டிங் கார்டுடன் வந்து, மாதப் பேக்கேஜாக அந்த இணைப்புகளை விற்றவரும் இவரே என்பது முதலாளிக்கு நினைவிராது. இவருக்கு நன்றாக நினைவிருக்கும். பட்டியல் இவரிடம்தானே இருக்கிறது.

இவ்வச்சத்திற்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்னும் பெருங்கடைக்காகத் தொடர்பற்ற ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணைப்புகள் நடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்த, கூகுள் அக்கடையை முதலிடங்களிலிருந்து கீழே இறக்கியது. கடையோ தனக்கு ஒன்றும் தெரியாது என்று கூறி, தேடலில் தளத்தை உயர்த்தித் தரும் எஸ்.இ.ஓ. பணியைப் பார்த்துவந்த நிறுவனத்தை நீக்கியது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்னும் மாற்றம் இத்தகைய தளங்களைக் கூட்டமாகத் தண்டித்தது. அதே ஆண்டு அக்டோபரில், ‘இவ்விணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டா’ என்று தள உரிமையாளரே தெரிவிப்பதற்கான டிஸ்அவோ என்னும் வசதியைக் கூகுள் அளித்தது. 2014 அக்டோபரில் ஒருமுறை புதுப்பிக்கப்பட்ட பெங்குவின் அடுத்துப் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஈராண்டு ஆனதால், இடையில் திருந்தியவரும் தண்டனையிலேயே காத்திருந்தனர். எடுப்பவர் குலத்தின் பொற்காலம் அதுவே. 2016 செப்டம்பர் முதல் பெங்குவின் தீய இணைப்புக்காகத் தளத்தைத் தாழ்த்துவதை விட்டு, அவ்விணைப்பை மதிப்பற்றதாக்கி விடுவதோடு நிற்கிறது. கூகுளின் ஊழியரே பார்த்து விதிக்கும் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ என்னும் தண்டனை இன்றும் உண்டு. ஆயினும் அது வந்திருந்தால் சர்ச் கன்சோல் என்னும் இலவசப் பக்கத்தில் எழுதியே இருக்கும். அந்தப் பக்கத்தை முதலாளிக்குத் திறந்து காட்டுவதை மட்டும் நம்மவர் அடுத்த வாரத்திற்கு ஒத்திப்போடுவார்.

அவருடைய திறமை முழுவதும் டிஸ்அவோ கோப்பில் வெளிப்படும். சாதாரண எழுத்துக்கோப்பில், வரிக்கு ஒரு தளமாக, ‘டொமைன்’ என்று தொடங்கி எழுதவேண்டிய பட்டியல் அது. ஹாஷ் குறியிட்டுத் தொடங்கும் வரி, எழுதுபவரின் சொந்தக் குறிப்பு என்று கொள்ளப்பட்டு, கூகுளால் படிக்கப்படாமலே தள்ளப்படும். நம்மவரோ அவ்வரிகளில்தான் தம் மொழிவளத்தைக் கொட்டுவார்: மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நிறுவனம் நேர்மையானது, தொழில் போட்டியால் இது நடந்தது, கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம் என்று கலெக்டருக்கு எழுதும் மனுவின் நடையில், எந்த இயந்திரமும் வாசிக்காத இருபது வரிகள் செல்லும். பட்டியலோ கைவீசி வாரப்பட்டதாக இருக்கும். மென்பொருள் சிவப்பிட்டதெல்லாம் ஏறிவிடுவதால், முதலாளிக்கு உண்மையில் ஆர்டர் கொண்டுவந்த பழைய வாடிக்கையாளரின் சப்ளையர் பக்கமும் கயவர் வரிசையில் நிற்கும். புதிய கோப்பை ஏற்றினால் பழையது நீங்கிப் புதியதே செல்லும் என்பதால் இப்பிழையைத் திருத்திவிடலாம். அதற்குத் தனிக் கட்டணம்.

கோப்பின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று அவர் கூறுவது உண்மையே. அவ்வாரங்களில், விடுமுறைக்கு வந்த முதலாளியின் மகள், தளத்தில் கிடந்த பழைய கைப்பேசி எண்ணை மாற்றி, எந்தெந்த அளவு கேஸ்கட் எந்தப் பொருளில் கிடைக்கும் என்பதை முதன்முறையாக எழுதிச் சேர்ப்பார். தளம் மெல்ல மேலேறும். எடுப்பவர் இனிப்புப் பெட்டியோடு வந்து, இனி யாரும் வைக்காமலிருக்க ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நீட்டுவார், ஜி.எஸ்.டி. பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. கையெழுத்தானதும் தேநீருக்குக்கூட நிற்காமல் கிளம்புவார். இந்தத் தளம் ஏறியதில் எதிர் ஷெட்டுக்காரரின் தளம் ஓரிடம் இறங்கியிருப்பதால், அவருக்கும் ஓர் அறிக்கை பைண்டிங் ஆகியிருக்கும்.