ஆவடித் தீர்மானமும் டாலர் குறியும்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நாடு இனி சோஷலிச பாணியில் நடக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. டாட்டாவும் பிர்லாவும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பக்கத்தில் சர்க்கார் ஆலைகளும் முளைத்தன.

நாற்பது வருஷம் கழித்து, ஆவடிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஸ்டீவ் சேம்பர்லின் என்பவர் அதே கொள்கையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். கலிஃபோர்னியாவின் சிக்னஸ் கம்பெனியில் 1995-ல் அவர் தொடங்கிய வேலைதான் சிக்வின். நிலம் பில் கேட்ஸின் விண்டோஸ், அதன்மேல் ஊருக்குப் பொதுவான, யூனிக்ஸ் பாணியிலான குனூ கருவிகள்.

மைக்ரோசாஃப்ட்டுக்கு யூனிக்ஸ் ஒன்றும் அந்நியமில்லை. 1980-லேயே ஜெனிக்ஸ் என்ற பெயரில் யூனிக்ஸ் விற்ற கடைதான் அது. 1993-ல் வந்த விண்டோஸ் என்டியிலும் பாசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தர வசதி இருந்தது. அமெரிக்க சர்க்கார் கொள்முதல் விதி அப்படி. டெண்டருக்காகக் கட்டிய கழிப்பறை: கதவு உண்டு, குழாய் உண்டு, தண்ணீர்தான் வராது. கட்டளை அடிக்க ஒரு ஷெல்கூட வைக்கவில்லை.

இனி அம்பத்தூர் எஸ்டேட். 2000-களின் தொடக்கம். முதலாளிக்குக் கணக்கெழுத டேலி வேண்டும், அதனால் விண்டோஸ். கஸ்டமரின் சர்வரோ லினக்ஸ். ஆகவே சிக்வின். புதிதாகச் சேர்ந்த பையன் அதன் ஷெல்லான பாஷ்.எக்ஸ்இ-யை நேராக டபுள் கிளிக் செய்தான். கறுப்புத் திரையில் டாலர் குறி வந்து நின்றது. சோஷலிசத்தின் வாசலில் டாலர்!

"அண்ணே, எல்எஸ்னு அடிச்சா அப்படி ஒண்ணு இல்லைங்குதுண்ணே."

"வாசல் வழியா வாடா. செவுரு ஏறிக் குதிச்சா சோறு போடுவாங்களா?"

அண்ணன் சொன்ன வாசல் சிக்வின்.பேட் என்ற குட்டி ஃபைல். அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: பாஷ் --லாகின் -ஐ. லாகின் என்று சொன்னால்தான் ஷெல் முதலில் ஈடிசி புரொஃபைலைப் படிக்கும், பிறகு வீட்டுக்குள்ளிருக்கும் பாஷ் புரொஃபைலைப் படிக்கும். கருவிகள் எந்தத் தெருவில் குடியிருக்கின்றன என்ற பாத் விவரம் அங்கேதான் கிடைக்கிறது. சொல்லாமல் நுழைந்தவனுக்குக் கிடைப்பது விண்டோஸின் பாத். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கிடைக்காதது பரவாயில்லை. ஃபைண்ட் என்று கூப்பிட்டால் விண்டோஸ் ஃபைண்ட் வந்து நிற்கும். யூனிக்ஸ் ஃபைண்ட் ஃபைலைத் தேடும், இது ஃபைலுக்குள் எழுத்தைத் தேடும். ஆள்மாறாட்டம்!

இன்னொரு கூத்து இனிஷியல். நம்மவர்கள் பேருக்கும் இனிஷியலுக்கும் நடுவே இடைவெளி விட்டு யூசர் பேர் வைப்பார்கள். மேற்கோள்குறி போட மறந்த ஸ்கிரிப்ட் ஒரே ஆளை இரண்டாக வெட்டிவிடும். வேகமும் ஒரு கூத்துதான். யூனிக்ஸின் 'ஃபோர்க்' விண்டோஸில் கிடையாது என்பதால், சிக்வின் புது ப்ராசஸைத் திறந்து பழையதன் மெமரியை அப்படியே நகலெடுத்து ஒப்பேற்றும். கான்ஃபிகர் ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு வரை போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

2001-ல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார் மைக்ரோசாஃப்ட்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். 2016-ல் அதே மைக்ரோசாஃப்ட் உபுண்டு லினக்ஸின் பாஷை விண்டோஸுக்குள் குடிவைத்தது. ஆவடியில் தீர்மானம் போட்ட கட்சி 1991-ல் சந்தையைத் திறந்துவிட்டது. சந்தைக் கட்சியோ ஆவடிக்கு வண்டி ஏறியது. கூட வந்த நோட்பேடுக்கு மட்டும் விஷயம் தெரியாது. யூனிக்ஸ் ஃபைலைத் திறந்தால் வரிகளையெல்லாம் ஒரே வரியாக ஒட்டிக் காட்டிக்கொண்டிருந்தது, 2018 வரைக்கும்.