மண்டையில் ஏறாதது

1905-இல் ஆல்பிரெட் பினே பாரிஸில் நுண்ணறிவுச் சோதனையை வகுத்தார், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய. மதுரையில் அவ்வளவு மெனக்கெடல் கிடையாது. 'ப'வையும் 'ம'வையும் மாற்றி மாற்றி எழுதும் பையனைப் பார்த்த மாத்திரத்தில், "மண்டையில ஒண்ணும் ஏறலை" என்று டீச்சர் ரிப்போர்ட் கொடுத்துவிடுவார். சிகிச்சையும் தயார்: அம்மா வைக்கும் வல்லாரைத் துவையல், அப்பத்தா வாங்கிவரும் பாண்டி கோயில் கயிறு, அப்பா சேர்த்துவிடும் இன்னொரு டியூஷன்.

எழுத்துகள் இப்படிக் குழம்பும் கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் உண்டு. அதைச் சொல்லிப் பாருங்கள், "எம்புள்ளை என்ன லூசா?" என்று சண்டைக்கு வருவார்கள். "மக்குப் பய" என்று நாலு பேர் முன்னால் அவனைத் திட்டும்போது மட்டும் யாருக்கும் ரோஷம் வருவதில்லை.