குல்மார்க் எதற்கு, சாத்தாங்காட்டுக்கு வாருங்கள்

அனுப்புநர்:
இரும்புக்கடைக் கணக்கர் ஒருவர்,
சாத்தாங்காடு இரும்பு எஃகுச் சந்தை,
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தேசிய மருத்துவ ஆணையம்,
புதுதில்லி.

பொருள்: தொடர் மருத்துவக் கல்வி மாநாட்டை மலைமேல் நடத்தாமல் எங்கள் ஊரில் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நான் டாக்டர் அல்ல. டி.எம்.டி கம்பிக்கும் ஆங்கிளுக்கும் சேனலுக்கும் பில் போட்டு, லாரியை எடைமேடைக்கு அனுப்பி வைக்கிற கணக்கர். மருத்துவக் கல்வியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் பக்கத்து கிளினிக் ஷட்டரில் அவ்வப்போது தொங்குகிற அட்டை சொல்லிக்கொடுத்ததுதான்: 'டாக்டர் கான்ஃபரன்ஸ் சென்றிருக்கிறார். திங்கள் முதல் பார்ப்பார்.' எந்த ஊரில் கான்ஃபரன்ஸ் என்று கம்பவுண்டரைக் கேட்டால் ஒரு முறை ஊட்டி என்பார், ஒரு முறை கொடைக்கானல். கடைசியாகக் கேட்டபோது குல்மார்க். நோயெல்லாம் கடல் மட்டத்தில் கிடக்க, படிப்பு மட்டும் ஏழாயிரம் அடிக்கு மேலே போனால்தான் மண்டையில் ஏறும் போலிருக்கிறது.

டாக்டர்கள் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படிக்கட்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதியே ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் படித்தாக வேண்டும் என்கிறது. வருஷத்துக்கு ஆறு மணி நேரம். எங்கள் சந்தையில் ஒரு கிரேன் ஆபரேட்டர் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிடும். இந்த ஆறு மணி நேரத்துக்கு ஒரு விமானம், ஒரு ரோப் கார், மூன்று இரவுத் தங்கல் எல்லாம் எதற்கு என்பதுதான் என் எளிய சந்தேகம்.

இந்தக் கலையில் அமெரிக்காவும் கனடாவும் நமக்கு மூத்தவர்கள். அங்கே பனிச்சறுக்கு ஊர்களில் நடக்கும் மருத்துவ மாநாடுகளின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். காலை ஏழு மணிக்குச் சொற்பொழிவு தொடங்கும், ஒன்பது ஒன்பதரைக்கு முடியும். அடுத்த சொற்பொழிவு மாலை நாலு மணிக்கு மேல். நடுவில் உள்ள ஆறேழு மணி நேரத்துக்கு நிரலில் 'இடைவேளை' என்று போட்டிருப்பார்கள். மாநாடு நடப்பதே அந்த இடைவேளைக்காகத்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டுக்குப் பனி வாய்க்கவில்லை. எனவே கேம்ப் ஃபயரையும் படகு சவாரியையும் வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம்.

செலவு யாருடையது என்று கேட்பது நாகரிகமில்லைதான். ஆனால் எனக்குத் தொழிலே கணக்கு. ஆகவே கொஞ்சம் பழைய பேரேட்டைப் புரட்டுகிறேன்.

2009 டிசம்பரில், உங்களுக்கு முன்னிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் ஒரு நல்ல விதியைச் சேர்த்தது: மருந்து கம்பெனியிடமிருந்து டாக்டர்கள் பரிசோ, விமான டிக்கெட்டோ, ஹோட்டல் தங்கலோ, சொகுசுக் கப்பல் பயணமோ வாங்கக் கூடாது. மாநாட்டுக்கு என்றாலும் கூடாது. டாக்டர்களோடு சேர்த்து அவர்களுடைய சங்கங்களுக்கும் அந்த விதி பொருந்தியது. 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. விதித் தலைப்பில் இருந்த 'சங்கங்கள்' என்ற சொல்லை மட்டும் யாருக்கும் வலிக்காமல் எடுத்துவிட்டார்கள். அதாவது, தனியாக வாங்கினால் குற்றம், கூடி வாங்கினால் கல்வி.

2022 பிப்ரவரி 22-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு கேட்டிருந்தது. 4.72 கோடி ரூபாய். வாங்குவது குற்றம் என்றால் கொடுப்பதற்கு வரிச் சலுகை கிடையாது, இந்தச் செலவெல்லாம் கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விடிகிறது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பில் போடுகிற எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் கடையிலும் பார்ட்டிக்கு வாங்கிக் கொடுக்கும் டீ, டன் விலைக்குள்தான் ஒளிந்திருக்கும்.

பிறகு தங்கள் ஆட்சி. 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி புதிய நடத்தை விதிகளை வெளியிட்டீர்கள். மருந்து கம்பெனிகள் நேராகவோ மறைவாகவோ காசு கொடுக்கிற கருத்தரங்கு, மாநாடு எதிலும் டாக்டர்கள் கலந்துகொள்ளவே கூடாது என்று 35-ஆம் விதியில் எழுதினீர்கள். படித்துவிட்டு நான் எழுந்து நின்று கும்பிட்டேன். மருத்துவர் சங்கங்கள் கொதித்தன. மருந்தைப் பொதுப் பெயரில் எழுதச் சொன்னதற்கும் சேர்த்துக் கொதித்தன. ஆகஸ்ட் 23-ஆம் தேதி விதிகள் மொத்தத்தையும் நிறுத்தி வைத்தீர்கள். கோழி 21 நாள் அடைகாத்தால் முட்டையிலிருந்து குஞ்சு வெளியே வரும். 21 நாளில் குஞ்சு திரும்பவும் முட்டைக்குள் போனதை அன்றுதான் பார்த்தேன்.

2024 மார்ச்சில் மத்திய மருந்துத் துறை தன் பங்குக்கு ஒரு விற்பனை நெறிமுறையைக் கொண்டுவந்தது. வெளிநாட்டில் மாநாடு நடத்தக் கூடாது என்றது. டாக்டருக்குப் பயணச் செலவு தரக் கூடாது, ஆனால் மாநாட்டில் பேசுகிறவராக இருந்தால் தரலாம் என்றது. நம்மவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒருவர் பேசுவார், ஒருவர் தலைமை வகிப்பார், ஒருவர் முன்னிலை வகிப்பார், ஒருவர் நன்றி நவில்வார். கேட்பதற்குத்தான் ஆள் தேட வேண்டும். வெளிநாடு கூடாது என்றதால் சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டிய பனிக்கால்சட்டைகள் இனி காஷ்மீர் பக்கம் திரும்பும். சுதேசி வளரும், மகிழ்ச்சி.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு கணக்கும் வெளியே வந்தது. ஆப்வி என்கிற பன்னாட்டு மருந்து நிறுவனத்தின் இந்தியக் கிளை, 30 டாக்டர்களை மொனாக்கோவுக்கும் பாரீசுக்கும் அழைத்துப்போக 1.91 கோடி ரூபாய் செலவிட்டது என்று மருந்துத் துறை கண்டுபிடித்துக் கண்டித்தது. தலைக்கு ஆறு லட்சத்துக்கு மேல். மாநாட்டுப் பொருள், முதுமையைத் தள்ளிப்போடுவது. எங்கள் சந்தையில் லோடுமேன்கள் நாற்பது வயதிலேயே முதுகு வளைந்து நிற்கிறார்கள். அவர்களுடைய முதுமையை யாராவது தள்ளிப்போட்டால் தேவலை.

இப்போது என் அழைப்புக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னச் சரித்திரம். நீங்கள் அறியாததல்ல.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் மலைக்காற்றுதான் வைத்தியம். வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் சுவிட்சர்லாந்தின் டாவோசுக்குப் போய் பால்கனியில் படுத்துக்கிடந்தார்கள். மருந்து வந்ததும் அந்தச் சானடோரியங்கள் பலவும் ஹோட்டல்களாகின. டாவோஸ் பனிச்சறுக்குக்கும் மாநாட்டுக்கும் பேர்போன ஊராகிவிட்டது. மலைக்காற்று, ஓய்வு, சத்துணவு இவையில்லாமல் ஏழை வீட்டுக்குள்ளேயே காசநோய் தீருமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னது எந்த ஊர்? நம் சென்னை. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. பாதிப்பேர் சானடோரியத்தில், பாதிப்பேர் நெரிசலும் பசியும் நிறைந்த தங்கள் வீடுகளில். இருசாராருக்கும் ஒரே மருந்து. 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்பது அடுத்து வந்த அறிக்கையில் தெரிந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்களுக்குப் பூட்டு விழ அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

ஆக, நோயாளிக்கு மலை வேண்டாம் என்று அறுபது ஆண்டுக்கு முன்பே நிரூபித்தாகிவிட்டது. டாக்டருக்கு வேண்டுமா என்ற ஆய்வைத்தான் யாரும் இன்னும் செய்யவில்லை. அந்த ஆய்வுக்கு எங்கள் ஊரைத் தருகிறேன். பாதி டாக்டர்களைக் குல்மார்க்குக்கு அனுப்புங்கள், பாதிப்பேரைச் சாத்தாங்காட்டுக்கு. திரும்பி வந்ததும் இருசாராருக்கும் ஒரே பரீட்சை.

எங்கள் நிகழ்ச்சி நிரலும் பனிமலை நிரல்தான், நேரம்கூட மாறாது. காலை ஏழு முதல் ஒன்பது வரை லாரி புக்கிங் ஆபீஸ் மாடியில் சொற்பொழிவு. ஏ.சி. கிடையாது, ஃபேன் உண்டு, கரண்ட் இருந்தால் சுற்றும். ஒன்பது முதல் நாலு வரை வெளிப்புற விளையாட்டுகள்.

முதல் ஆட்டம் சந்தைக்குள்ளேயே. இரும்புச் சுருளை கிரேனில் தூக்கும்போது சங்கிலிக்கும் இரும்புக்கும் நடுவே விரல் மாட்டுவதை, பிளேட் நழுவி நுனி சீவிப்போவதை இங்கே பழகியவர்கள் ஒரு சொல்லில் சொல்வார்கள்: 'கட் ஆயிடுச்சு'. பனிக்கட்டி இல்லாத ஊர் என்று எங்களைக் குறைவாக நினைக்காதீர்கள். ஜூஸ் கடையில் ஐஸ் இருக்கும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும்; விரலை நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுப்போகும். இதைத் தெரிந்த சூப்பர்வைசரும் உண்டு, தெரியாமல் விரலை பனியனில் முடிந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறுகிறவரும் உண்டு. பனிமலையில் கூடும் மாநாட்டில் இந்த ஒரு ஐஸ் பாடத்தை நடத்தியிருந்தால் எத்தனையோ விரல் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது எண்ணூர் பெரியகுப்பம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். கண்ணை எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அந்த ஊர்ப் பெண்களிடமே வகுப்பு கேட்கலாம். அதே மாதம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. அதை மீனவர்கள் கையால் அள்ளினார்கள். தோல் நோய் நிபுணர்களுக்கு அங்கே ஒரு தனி அமர்வே வைக்கலாம்.

பனிச்சறுக்கு இல்லாமல் மாநாடு ருசிக்காது என்பவர்களுக்காகச் செப்பாக்கம் சாம்பல் குளத்தை ஒதுக்கியிருக்கிறோம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாக. காற்றடித்தால் முகத்தில் தூவும். நுரையீரல் மருத்துவர்களுக்கு முன்னுரிமை.

மாலை நாலு முதல் ஆறு வரை நிறைவுச் சொற்பொழிவு ராயபுரத்தில், ஸ்டான்லி மருத்துவமனையில். பழைய ஆட்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். எழுபதுகளில் ஆர். வெங்கடசாமி என்கிற அறுவை மருத்துவர், துறைமுகத்திலும் ஆலைகளிலும் கை நசுங்கி வந்தவர்களுக்காகவே அங்கே ஒரு தனிப்பிரிவை வளர்த்தார். விரல்நுனி சாய்வாகத் துண்டானால், அதே விரலின் பக்கவாட்டிலிருந்து தோலை ரத்தக்குழாய், நரம்போடு முக்கோணமாக நகர்த்தி நுனியை மூடும் முறையை அவரும் என். சுப்ரமணியனும் 1980-ல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். கை அறுவை படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் இன்றைக்கு அந்த முக்கோணத்தைப் படிக்கிறார்கள். அந்தப் பாடம் ரோப் காரில் ஏறி வந்ததல்ல. வடசென்னையின் வெட்டுப்பட்ட விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து மாநாட்டுக்குப் போய் இரவோடிரவாகத் திரும்பி மறுநாள் டியூட்டியில் நிற்கிற அரசு டாக்டர்களும் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்கானதல்ல.

மாநாட்டுப் பை உண்டு. உள்ளே ஒரு ஜோடி தோல் கையுறை. விலை, மருந்துத் துறையின் நெறிமுறை அனுமதிக்கும் ஆயிரம் ரூபாய் வரம்புக்கு வெகு கீழே. டீயும் பஜ்ஜியும் எங்கள் செலவு; சந்தேகமிருந்தால் பில் தருகிறேன்.

பிரதியாக மூன்று கோரிக்கைகள். ஒன்று, நிறுத்தி வைத்த 35-ஆம் விதியை மட்டுமாவது தனியே எடுத்து நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு, 2016-ல் காணாமல்போன 'சங்கங்கள்' என்ற சொல்லைத் தேடிப்பிடித்துப் பழைய இடத்தில் வையுங்கள். மூன்று, இவை இரண்டும் சிரமம் என்றால், செலவில்லாத ஒன்று சொல்கிறேன். கல்வி மணி நேரச் சான்றிதழில் டாக்டர் பெயர், தலைப்பு, மணி எல்லாம் அச்சிடுகிறார்கள். கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'டிக்கெட் எடுத்தவர்', 'ரூம் போட்டவர்'. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு கிளினிக் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் எழுதியிருக்கும் மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியின் பெயரையும் சுவரில் இருக்கும் பெயரையும் நோயாளிகளே ஒத்துப்பார்த்துக்கொள்வார்கள். எங்கள் தொழிலில் இதற்கு டேலி பார்ப்பது என்று பெயர்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
இரும்புக்கடைக் கணக்கர்,
சாத்தாங்காடு.

நகல்:
1. பனிமலை விடுதி மேலாளர்கள் – ரத்துக் கட்டணம் குறித்த தகவலுக்காக.
2. வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலில் காத்து நிற்கும் மெடிக்கல் ரெப் தம்பிகள் – இந்த மாத டார்கெட்டுக்கு இடைஞ்சல் என்றால் பொறுத்துக்கொள்ளவும். உங்களை எந்த மலைக்கும் யாரும் கூட்டிப்போனதில்லை என்பது தெரியும்.