எல்லாம் முன்பே தெரிந்த அண்ணாச்சி

துறைமுக நகரங்களில் புயலை முன்னறிவிப்பதற்கென்று அரசு வகுத்த முறை ஒன்று உண்டு. கடலில் காற்றழுத்தம் தாழ்ந்துவிட்டதென்றால் வானிலை ஆய்வு மையம் துறைமுகத்திற்குச் செய்தி அனுப்பும்; துறைமுகத்தார் உயர்ந்த கம்பமொன்றில் பகலில் உருளை, கூம்பு வடிவங்களையும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் ஏற்றுவார்கள். இவற்றையே மக்கள் புயல் கூண்டு என்கிறார்கள். 1-ஆம் எண் ஏறினால் தொலைவில் புயல் உருவாகக்கூடிய நிலை ஏற்பட்டிருக்கிறது என்றும், 3-ஆம் எண் ஏறினால் பலத்த காற்று துறைமுகத்தையே தாக்கக்கூடும் என்றும், 10-ஆம் எண் ஏறினால் பேரபாயம் என்றும் பொருள். 11-ஆம் எண் தனி வகை: வானிலை மையத்தோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது, இனி நிலைமை ஒன்றும் தெரியாது என்பதே அதன் செய்தி.

தூத்துக்குடியில் இந்த அரசு முறைக்கு இணையாக, கம்பமும் சம்பளமும் இல்லாமல், மற்றொரு முன்னறிவிப்பு முறை ஆண்டு முழுவதும் நடந்து வருகிறது. அதை நடத்துபவரை ஊரார் அண்ணாச்சி என்று அழைப்பர். தென்மாவட்டங்களில் மூத்த ஆண்மகனை மதிப்போடு விளிக்கும் பொதுச்சொல் இது. எனினும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுபவர் மளிகைக் கடை அண்ணாச்சியும் அல்லர், எந்தவொரு தனி மனிதரும் அல்லர். தெருவுக்கு ஒருவராக விளங்கும் ஓர் இனத்தின் பிரதிநிதி அவர். தெரு நீளமானதாக இருந்தால் இருவர் இருப்பர், அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை இராது.

அண்ணாச்சி ஓய்வு பெற்றவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எதிலிருந்து ஓய்வு பெற்றார் என்பதில்தான் கருத்து வேற்றுமை. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதினார் என்பர் சிலர். அனல்மின் நிலையத்தில் இருந்தார் என்பர் சிலர். பேச்சு எதைப் பற்றியதோ அந்தத் துறையில் அவர் முப்பதாண்டு பணியாற்றியிருக்கிறார் என்று கொள்வதே பாதுகாப்பானது. காலை ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சில் வந்தமர்ந்து, கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிய செய்தித்தாளில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துத் தொடைமேல் விரித்துக்கொள்வார். அதன்பின் அந்தப் பக்கத்தைப் படிக்கும் உரிமை பிறருக்கு இல்லை. அவர் வாயால் கேட்கும் உரிமை மட்டுமே உண்டு. செய்தியில் இருப்பதை அப்படியே சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "இது போன வாரமே எனக்குத் தெரியும், பேப்பர்க்காரன் இப்பத்தான் போடுதான்" என்ற முன்னுரையோடுதான் எதுவும் வெளிவரும்.

அவருடைய அறிவின் இயங்குமுறை நுணுகி ஆராயத்தக்கது. ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கு முன் அவர் தலையை எப்பக்கமும் சேராத ஒரு கோணத்தில் அசைத்து, "பாப்போம்" என்பார். நடக்கும்போது கண்ணில் படமாட்டார். நடந்து முடிந்தபின் வந்து, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்பார். அன்றைக்கு அவர் சொன்னது "பாப்போம்" என்பதுதான் என்று நினைவூட்டுபவருக்கு, அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருந்தன என்பதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இல்லை என்று தீர்ப்பாகும்.

இந்த முறை மழையைப் பொறுத்தவரை சற்றே சிக்கலானது. அதற்குக் காரணம் ஊரின் தொழில் அமைப்பே. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்துத் தமிழ்நாட்டைச் சொல்வர்; தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடிச் சுற்றுவட்டார அளங்களில் விளைவது. அளம் என்பது கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கும் நிலம். பகலெல்லாம் வெயில் காய்ந்து விளைந்த உப்பை ஒரு மணி நேர மழை கரைத்துவிடும் என்பதால் அளக்காரருக்கு மழை எதிரி. குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்கோ மழை உறவு. ஆகவே, வானத்தில் கையகல மேகம் தென்பட்டால், அளக்காரர் கேட்கும்போது "இது சும்மா ஓடுத மேகம், கவலைப்படாதீரும்" என்றும், பக்கத்து வீட்டு அக்கா கேட்கும்போது "ராத்திரிக்கு ஊத்தும் தாயி, துணிய எடுத்துருங்க" என்றும் ஒரே டீயின் முதல் பாதியிலும் பின் பாதியிலும் அண்ணாச்சி அறிவிப்பு வெளியிடுகிறார். மறுநாள் காலையில் இருவரில் ஒருவர் அவரை மெச்சியே தீர வேண்டும். மெச்ச வராதவரைத் தேடிப்போவது அவர் வழக்கமன்று. வானிலை மையம் வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து ஒரே அறிக்கை வெளியிட்டுப் பழிக்கு ஆளாகிறது. இந்த எளிய நுட்பத்தை அது கற்றுக்கொள்ளாதது வியப்பே.

மீன் விலையில் அவர் செல்வாக்கு சனிக்கிழமைகளில் உச்சத்தை அடையும். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி நாள் என்பதால் இக்கரையின் கத்தோலிக்க மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. அதனால் சனிக்கிழமை நாட்டுப்படகுகள் பலவும் திரேஸ்புரம் கரைக்குத் திரும்ப, ஏலக்கூடம் களைகட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடப்பதால், நாட்டுப்படகு மீனுக்குக் கிராக்கி இன்னும் ஏறும். அத்தகைய ஒரு சனிக்கிழமையில், ஊருக்கு மாற்றலாகி வந்து சில நாளே ஆன வங்கி ஊழியர் ஒருவரை வழிநடத்தும் பொறுப்பை அண்ணாச்சி ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். சென்னையில் வஞ்சிரம் எனப்படும் மீனுக்கு இங்கே சீலா என்று பெயர் என்பதை விளக்கியதோடு நில்லாமல், "இப்ப வாங்காதீங்க தம்பி, இன்னும் ரெண்டு படகு வரணும், வந்துட்டா வெல தானா எறங்கும்" என்று அவர் தடுத்தும் விடுகிறார். இரண்டு படகுகளும் சொன்னபடி வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து, ஐஸ் பெட்டி அடுக்கிய கேரளத்து வண்டிகளும் வருகின்றன. கிலோவுக்கு இருநூறு ரூபாய் ஏறிய நிலையில் ஏலக்காரர் மூன்றாம் தரம் கூவி முடிக்க, கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரப் பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "அண்ணாச்சி கால் வச்சாலே சீலாவுக்கு மவுசுதான்" என்கிறார். அண்ணாச்சி இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார். இறுதியில் இருவர் பையிலும் சாளை ஏறுகிறது. வீடு திரும்பும் வழிநெடுக, சாளையில் உள்ள எண்ணெய் இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்பது பற்றியும், சீலா தின்பவர்கள் எவ்வாறெல்லாம் கெட்டுப்போனார்கள் என்பது பற்றியும் வங்கி ஊழியர் அறிந்துகொள்கிறார்.

வீட்டு வாசலில் நிலைமை வேறு.

"சீலா வாங்கியாரேன்னுதான போனீய?"

"கடல்ல நீரோட்டம் சரியில்ல."

"நீரோட்டமா, வாயோட்டமா?"

இவ்விடத்தில் 11-ஆம் எண் கூண்டு ஏறிவிடுகிறது. வெளியுலகோடு அவருக்குள்ள தொடர்பு முற்றிலும் துண்டிக்கப்பட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு டீக்கடையில்தான் மீண்டும் ஏற்படும். ஊரின் எல்லா வீட்டு நிலவரமும் அறிந்தவருக்குத் தம் வீட்டு இரவுச் சாப்பாடு என்னவென்பது இலையில் விழும்வரை தெரியாது.

வரலாற்றுத் துறையில் அவருக்குப் பெருந்துணையாக இருப்பவர் அவருடைய தாத்தா. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டியது நாடறிந்த செய்தி. அந்தக் கப்பலின் முதல் பயணத்தில் தம் தாத்தா சென்றார் என்று ஒவ்வொரு தெரு அண்ணாச்சியும் உறுதியாகச் சொல்கிறார். இந்தத் தாத்தாக்கள் அனைவரையும் கணக்கில் சேர்த்தால், சங்கம் வாங்கிய காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களிலும் மேல்தளம் உட்பட இடம் போதாது என்பது மட்டுமன்று, நிறுவனம் நட்டமடைந்திருக்க வழியே இல்லை. இன்னொரு தாத்தா, நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துக்கு அந்த யோசனையைச் சொன்னவரே தாம் என்று பேரனிடம் கூறியிருக்கிறார். தலைவரின் சிலையைக் கடந்து போகும்போதெல்லாம் பேரன் ஒரு பங்காளியின் உரிமையோடு அதை ஏறிட்டுப் பார்ப்பது அதனால்தான்.

சமயப் பொறுமையில் அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. கோயில், கொடை, கல்யாணம், கருமாதி எதுவாயினும் அழைப்பை எதிர்பார்க்காமல் முன்னிற்பார். பனிமய மாதா பேராலயத்தில் ஜூலை 26 அன்று கொடியேறி ஆகஸ்ட் 5 வரை திருவிழா நடக்கும் நாள்களில் அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார். பணியில் இருக்கும் காவலர் அவரையே ஒழுங்குபடுத்த வேண்டியிருப்பது தனிச் செய்தி. சிறப்பு ஆண்டுகளில் மட்டும் இழுக்கப்படும் தங்கத்தேர் 2023-இல் வீதியில் வந்தபோது, வடத்தைப் பிடிக்காமல் ஓரமாக நின்று, எந்த முனையில் எப்படித் திருப்ப வேண்டும் என்று கையசைத்துக் காட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். தேர் நல்லபடியாக நிலை சேர்ந்ததற்கு ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பேற்றனர். சாவு வீட்டிலோ அவருடைய பயன் மெய்யானது. யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், எந்த உறவினர் எந்த உறவினருக்கு அருகே உட்காரக்கூடாது, பந்தல்காரர் எவ்வளவுக்கு இறங்குவார் என்பனவெல்லாம் அவருக்கு உண்மையிலேயே தெரியும். அங்கே மட்டும் அவர் குறைவாகப் பேசுகிறார் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும்.

அண்மைக் காலத்தில் அவர் கவனம் நிலத்தின்மேல் திரும்பியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் சில நாள் இடைவெளியில் வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலைக்கும் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது முதல், சுற்றுவட்டாரத்து முள்ளுக்காடு ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவுக்குக் கைமாறியது என்பதை அவர் விரல்நுனியில் வைத்திருக்கிறார். அந்த நிலத்தையெல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போடச் சொல்லித் தாம் முப்பதாண்டுக்கு முன்பே தலைப்பாடாக அடித்துக்கொண்டதாகச் சொல்வார். "நீங்க ஏன் வாங்கல அண்ணாச்சி?" என்று கேட்கும் துணிவு இதுவரை டீ மாஸ்டர் ஒருவருக்கு மட்டுமே வந்திருக்கிறது. அன்றைக்கு அவர் டீயை முடிக்காமலே எழுந்து போனார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடியின் பல தெருக்கள் நாள்கணக்கில் நீருக்குள் கிடந்ததைத் தெரு அண்ணாச்சி எவரும் எதிர்பார்க்கவில்லை. ஓராண்டு மழைக்கும் மிகுதியான மழை ஓர் இரவிலே பெய்யும் என்று சொல்லப் "பாப்போம்" என்பதில் இடம் இல்லை. முழங்கால் நீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எந்த வீட்டு மாடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உணவுப் பொட்டலம் கொண்டுவந்தவர்களுக்கு அடையாளம் காட்டியவர், மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அடக்கம் சுமார் ஒரு மாதம் நீடித்தது. பொங்கல் கழிந்து, சுவர்களில் நீர்க்கோடு காய்ந்து, டீக்கடை பெஞ்சு பழைய இடத்துக்கு வந்ததும், கார்த்திகையிலேயே எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியதைத் தாம் பார்த்ததாகவும், சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று இருந்துவிட்டதாகவும் மெல்லத் தொடங்கினார்.

பணி மாற்றலாகித் தூத்துக்குடிக்கு வந்து சேர்பவர்கள் இவரை மறுத்துப் பேச வேண்டியதில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டால் போதும். மழை, மீன், நிலம் ஆகிய மூன்றிலும் சொந்தக் கண்ணை நம்புவது நல்லது. ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் எந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் இவரிடமே கேட்க வேண்டும். அதில் ஒரு தடவைகூட அவர் தவறியதில்லை. அந்தத் தெருவுக்கு வால்வு திறந்துவிடுபவர் அவருடைய மைத்துனர்.