மைனிக்கு ஒரு சால்வையாம்!

ஏலே தம்பி, அந்தச் செல்போனைக் கொஞ்சம் கீழ வையி. நம்ம கோயில்ல நீங்கல்லாம் சேந்து 'ஊழியக் குழு' ஆரம்பிச்சிருக்கியளாமே? எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை. கழுத்துல அட்டை. வாட்ஸ்அப்புல குரூப்பு வேற. நல்லாத்தாம்ல இருக்கு! ஞாயித்துக்கிழமை கூட்டம் கலைஞ்ச பெறவு பெஞ்சைத் தூக்கிப் போட்டது எந்தக் குரூப்பு?

எங்க மைனியை ஒனக்குத் தெரியும்லா? தூணோரத்துல பாயில உக்காந்திருப்பாவளே, அவியதான். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த மறுவாரமே கோயில் வேலைக்குக் கை குடுத்தாவ. சனிக்கிழமை சாயந்தரம் பீடத்துத் துணியைத் துவைச்சுக் காயப் போடுவாவ. ஞாயித்துக்கிழமை முதல் மணி அடிக்கையில பூச்சாடி நெறைஞ்சிருக்கும். நீ ரெண்டாம் மணிக்குத்தான் பல்லு வெளக்குத. பாமாலையில நம்பரைச் சொன்னா மைனி பாட்டை எடுத்துருவாவ. ஒனக்குச் செவத்துல பெரிய திரை வேணும், அதுல கரண்டும் இருக்கணும்! ஓய்வுநாள் பள்ளியில ஒங்கப்பனுக்கு வசனம் சொல்லிக் குடுத்ததும் அவியதான். அவன் மண்டையில ஏறுச்சாங்கது வேற கதை.

பிடியரிசின்னா என்னன்னு தெரியுமால? ஒலையில அரிசி போடுததுக்கு முன்ன ஒரு பிடி எடுத்துக் கலயத்துல போட்டு வைக்கணும். அது சேந்ததும் கோயிலுக்குக் கொண்டு வரணும். அம்புட்டுதான் திட்டம். 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் தொடங்குனாவ. முன்ன நின்னவரு நம்ம வெள்ளாளன்விளை அசரியா. வெள்ளைக்காரன் துட்டு வேண்டாம், நம்ம துட்டுல நம்ம ஆளை அனுப்புவோம்னாவ. தெலுங்குச் சீமைக்கு அனுப்பவும் செஞ்சாவ. அப்படிப்பட்ட காரியத்துக்கெல்லாம் நம்ம பொம்பளையளு அடுப்படி அரிசியும் சேந்துதாம்ல போச்சி. மழை பொய்ச்ச வருசத்துலயும் மைனி கலயம் வெறுங்கலயமா வந்ததில்ல. நீங்க நிதி திரட்ட ஆலோசனைக் கூட்டம் போட்டிய. டீக்கும் வடைக்கும் குடுத்தது போக மிச்சம் எம்புட்டுல?

உபயம் விசயத்தைச் சொல்லவே வேண்டாம். டியூப்லைட்டுல எழுதுன பேருல வெளிச்சமே மறையுது. ஃபேன் றெக்கையிலயும் பேரு. அது சுத்தையில எவம்ல வாசிப்பான்?

பேரே எழுதி வைக்காத உபயமும் உண்டுல. அந்தக் காலத்துல பாளையங்கோட்டையில குளோரிந்தா அம்மான்னு ஒருத்தர் இருந்தாவ. தஞ்சாவூர்ச் சீமைப் பிராமண விதவை. வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி ஒருத்தரோட வாழ்ந்தாவன்னு, ஞானஸ்நானம் தர மாட்டேன்னுட்டாரு மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். அதிகாரி செத்த பெறவு 1778-லதான் குடுத்தாரு. 1780-ல சபைக்குப் பதிவேடு எழுதுனாவ. மொத்தம் 40 பேரு. மொதப் பேரு யாருதுங்க? வேண்டாம்னு நிறுத்தி வச்ச அந்த அம்மா பேருதான்! 1785-ல அவிய கட்டுன கோயிலு நிக்கி. சனங்க அதைப் பாப்பாத்தியம்மா கோயில்னே சொல்லுதாவ. இதுக்கு எந்த டியூப்லைட்டுல எழுதி வச்சாவ?

நம்ம தென்னிந்தியத் திருச்சபை 1947-ல பெறந்துது. ஒரு பொம்பளைக்குக் குருவானவர் பட்டம் குடுக்க 1976 ஆச்சி. வெளக்கமாத்தைக் குடுக்கதுக்கு மட்டும் எந்தத் தீர்மானமும் தேவைப்படல, பாத்தியா!

கமிட்டித் தேர்தல் வந்தா மைனி வீட்டு முத்தத்துல கும்புடு போட ஆளு வரிசையா நிப்பான். ஜெயிச்சவன் மறுநா வருவான், கோயில் சாவி கேட்டு. நன்றி சொல்லன்னு ஒருத்தன் வந்து நான் பாக்கல.

இப்ப என்னடான்னா, அசனப் பண்டிகை அன்னிக்கி மைனிக்கு 'வாழ்நாள் சேவை' விருது குடுக்கப் போறியளாம். சால்வை, கேடயம், ரெண்டு மணி நேரம் வாழ்த்துரை. நல்ல காரியம்தான். நேத்து நானே போயி சொன்னேன். மைனி முறத்தைக் கீழ வைக்காமலே கேட்டாவ: "என்னைய மேடையில உக்கார வச்சிட்டா, அசனத்துக்கு அரிசி களையுதது யாரு கொழுந்தரே?"

எனக்குப் பதில் தெரியல தம்பி. நீ படிச்ச பய, ஒனக்குத் தெரியும். பந்திக்கு முந்துதவன் பாத்திரம் கழுவவும் முந்தணும்லா? அன்னிக்கி விடியக்காலம் நாலு மணிக்குக் கெணத்தடிக்கு வந்துரு. படம் பிடிக்கவனையும் கூட்டியா. அவனுக்கும் ரெண்டு கை இருக்குல்லா?