90 லட்சமும் ஓர் அப்பளமும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தபோது, இனி வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். திங்கட்கிழமை வழக்கம்போலப் போனேன். முடிவில் மாற்றமில்லை. அதற்குப் பணம் வேண்டும் என்பது ராத்திரிதான் நினைவுக்கு வந்தது.

வயது 41. இடையஞ்சாவடியிலிருந்து புதுச்சேரிக்கு பைக்கில் போய், ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அடுத்தவர் பணத்தை 18 வருஷமாக எண்ணிய எனக்கு, சொந்தப் பணத்தை எண்ண அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது.

சீக்கிரம் ஓய்வுபெற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கு. சேர்த்த பணத்தில் முதல் வருஷம் 4 சதவீதம் எடு. பிறகு விலைவாசி ஏறுகிற அளவுக்குக் கூட்டி எடு. 30 வருஷம் தாங்கும். திருப்பிச் சொன்னால், வருஷச் செலவைப் போல 25 மடங்கு கையில் வேண்டும். எங்கள் வீட்டுச் செலவு மாசம் 30,000. வருஷத்துக்கு 3,60,000. 25-ஆல் பெருக்கினால் 90 லட்சம். நான் மிச்சம் பிடிப்பது மாசம் 5,000. வட்டியை விட்டுவிட்டால் 150 வருஷம். ஆக, 191 வயதில் நான் இளமையிலேயே ஓய்வு பெற்றுவிடலாம்.

தபால் ஆபீசில் பிபிஎஃப் இருக்கிறதே என்பீர்கள். வருஷத்துக்கு 1,50,000 ரூபாய் வீதம் 15 வருஷம் போட்டால், இப்போதைய 7.1 சதவீத வட்டியில் 40 லட்சத்துச் சொச்சம் வரும். அதே திட்டத்தில் குறைந்தபட்சம் 500 ரூபாயும் போடலாம். நான் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்ந்தவன்.

பணம்தான் சேரவில்லை, ஊக்கத்தையாவது சேர்ப்போம் என்று, ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களைத் தேடிக் கிளம்பினேன்.

முதலில் மரக்காணத்துப் பெரியப்பா. உப்பளத்தில் வேலை. வருஷத்தில் மூன்று மாசம், ஐப்பசி அடைமழை தொடங்கினால், அவருக்குக் கட்டாய ஓய்வு. நான் போன காலையில் பாத்தி முழுக்க வானம் படுத்திருந்தது, கண் கூசியது. பெரியப்பா பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். குதிகால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது.

“வருஷா வருஷம் மூணு மாசம் ரெஸ்ட். குடுத்து வெச்சவரு பெரியப்பா நீங்க.”

“இன்னாடா சொல்ற? அந்த மூணு மாசம் வாங்கித் தின்ன கடனத்தான் மீதி ஒம்பது மாசம் அடைக்கிறேன்.”

பெங்கன் 25 மடங்கு என்றார். பெரியப்பாவுக்கு ஒன்றுக்கு மூன்று. உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பது மற்ற ஊர்களில் பழமொழி, அங்கே பருவநிலை அறிக்கை. 2022-இலிருந்து மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. என் ஒரு மாச மிச்சம், அவருடைய மூன்று மாச ஓய்வூதியம். இதில் ஊக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பை உப்புக் கொடுத்தனுப்பினார்.

அடுத்தது பக்கத்திலேயே. எங்கள் ஊரை ஒட்டியது ஆரோவில். பணம் எஜமானனாக இல்லாத ஓர் இடம் வேண்டும் என்று அரவிந்தர் ஆசிரமத்து அன்னை 1954-இல் எழுதிய கனவு, 1968 பிப்ரவரி 28-இல் 124 நாட்டு மண்ணைத் தாழியில் போட்டுத் தொடங்கியது. எங்கெங்கோ இருந்த வேலையை விட்டுவிட்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். உலகத்திலேயே சீக்கிரம் ஓய்வு பெற்றவர்கள் இவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். “ஓய்வா? கடப்பாரையும் கையுமா இந்தச் செம்மண்ணுல குழிதான் தோண்டுவாங்க. நாங்களும் கூலிக்குப் போய்க் கூடத் தோண்டுவோம்” என்றார். மரமில்லாமல், மழை அறுத்துக்கொண்டு போன மேடு அது. கரை கட்டி, தண்ணீரைத் தேக்கி, கன்று நட்டு, இன்று காடாக நிற்கிறது. வேலையை விட்டு வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வேலை. என் திட்டத்தில் கடப்பாரைக்கு இடமில்லை.

மிச்சமிருந்தவர் ஒருவர்தான்: இரும்பை கடுவெளிச் சித்தர். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருக்கும் ஊர் இரும்பை. சித்தர் மரத்தடியில் தவமிருந்தார். உதிரும் இலைதான் உணவு. வருஷச் செலவு பூஜ்யம். பூஜ்யத்தை 25-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம். என் கணக்கில் முழு வெற்றி கண்ட ஒரே மனிதர்!

ஆனால் அவர் தவத்தின் வெப்பத்தில் மழை பொய்த்ததாம். ராஜா கவலைப்பட்டார். ஒரு நடனப் பெண் வந்து, இலை விழும் கையில் அப்பளத்தை வைத்தாள். சித்தர் தின்றார். முடிந்தது கதை. கண் திறந்தது, ஊருக்குள் வந்தார், கோயிலில் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பை எடுத்து மாட்டிவிட்டார், ஊர் சிரித்தது, அவர் சபித்தார், லிங்கம் பிளந்தது என்று தல வரலாறு நீள்கிறது. குயவனிடம் பத்து மாசம் கெஞ்சி வாங்கிய தோண்டியைக் கூத்தாடிப் போட்டு உடைத்த ஆண்டியைப் பாடியவரும் இந்தக் கடுவெளிச் சித்தர்தான். அனுபவம் பேசியிருக்கிறது.

பங்குச் சந்தை விழவில்லை, விலைவாசி ஏறவில்லை. ஓர் அப்பளம்! பெங்கன் எல்லாவற்றுக்கும் சதவீதம் போட்டார், இதற்குப் போடவில்லை. என் நோட்டைப் புரட்டினேன். ‘இதர செலவு’ என்று மாசாமாசம் எழுதியிருந்ததெல்லாம் அப்பளம்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் திட்டத்தைச் சொன்னேன்.

“வேலைய வுட்டுட்டு வீட்ல இன்னா பண்ணுவீங்க?”

“சும்மா இருப்பேன்.”

“அதுக்கு எதுக்கு 90 லட்சம்? ஞாயித்துக்கிழமைல சும்மாதான இருக்கீங்க?”

பதில் யோசிப்பதற்குள் அடுத்தது வந்தது. “நீங்க வீட்லயே குந்திகினா எனக்கு மத்தியானச் சமையல் ஒண்ணு கூடுதல். சரி, நான் எப்போ ரிட்டயர் ஆவறது?”

நோட்டில் அதற்குப் பத்தியே இல்லை. 18 வருஷம் கணக்கு எழுதியவன், வீட்டில் ஓர் ஆளையே விட்டுவிட்டு மொத்தம் போட்டிருக்கிறேன். புதுப் பத்தி ஒன்று கோடு போட்டு, அவள் பெயரை எழுதி, கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சாப்பிட வாங்க.”

பெரியப்பா கொடுத்த உப்பில் சாம்பார். ஓரத்தில் சூடாக ஓர் அப்பளம். சித்தரை நினைத்து ஒரு நிமிஷம் தொடாமல் இருந்தேன்.

“இன்னொண்ணு பொரிக்கட்டா?” என்றாள் உள்ளிருந்து.

“நீ உக்காரு, நான் பொரிக்கிறேன்” என்று எழுந்தேன். இரண்டைக் கருக்கிவிட்டேன். அதை ‘இதர செலவு’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.