காத்திருப்புப் பண்டிதர்

கடல் கடந்த தேசத்து வங்கிகளின் கணக்குகளை இரவோடிரவாக முடித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் காரியாலயங்கள் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் அநேகம். அவற்றில் மாடிக்கு ஒருவராகவேனும் வீற்றிருக்கும் டேட்டாபேஸ் பண்டிதரை வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அறிந்தவர்களோ, அவரிடம் காரியம் ஆகவேண்டியிருப்பதால், வாய் திறக்கமாட்டார்கள்.

ஆரக்கிள் டேட்டாபேஸ், தன்னை நாடி வந்த ஒவ்வொரு செஷனும் எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் காத்து நின்றது என்பதைப் பெயர் சொல்லிக் கணக்கெழுதி வைக்கும் நற்குணம் படைத்தது. டிஸ்க்கிலிருந்து ஒரு பிளாக் வருவதற்காக நின்றால் ‘டிபி ஃபைல் சீக்வென்ஷியல் ரீட்’. கமிட் செய்துவிட்டு லாக் எழுதப்படும் வரையில் நின்றால் ‘லாக் ஃபைல் சிங்க்’. இந்த நாமங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பண்டிதர் ஒப்பிப்பார். முன்னொரு காலத்தில், ‘ஹிட் ரேஷியோ 99 சதவீதம், டேட்டாபேஸ் பரம சௌக்கியம்’ என்று சொல்லி அழுதவர்களையெல்லாம் திருப்பியனுப்பியவரும் இவரேதான்.

வித்தையில் குறையில்லை, வேளையில்தான் குறை. ஒரு செஷனின் காத்திருப்புக் கணக்கு, அந்தச் செஷன் உயிரோடிருக்கும் வரையில்தான் வி-டாலர் செஷன் ஈவென்ட் என்ற ஏட்டில் இருக்கும். ஜாப் முடிந்து செஷன் வெளியேறியதும் கணக்கும் உடன்கட்டை ஏறிவிடும். பண்டிதரோ காலைக் காப்பியை முடித்துக்கொண்டு, ஒன்பதரை மணிக்கு ஆசனத்தில் அமர்ந்து, மணிக்கொரு தரம் பதிவாகும் ஏடபிள்யூஆர் ரிப்போர்ட்டை, அதாவது டேட்டாபேஸ் முழுவதற்குமான கூட்டுத்தொகையை, விரித்து வைத்துக்கொள்வார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஊர் முழுவதற்கும் தெர்மாமீட்டர் வைத்துச் சராசரி எடுத்து, பையனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் வைத்தியரை நீங்கள் வீட்டுப் படி ஏறவிடமாட்டீர்கள். இவருக்கோ கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் உண்டு.

ஒரு மாதக் கடைசியில், விடியுமுன் முடியவேண்டிய வட்டிக் கணக்கு ஜாப் விடிந்த பின்பும் ஓடிற்று. கூட்டம் கூடிற்று. “சீக்வென்ஷியல் ரீட்தான் முதல்ல நிக்குது. டிஸ்க் ஸ்லோ. ஸ்டோரேஜ் டீமைக் கேளுங்க” என்று பண்டிதர் தீர்ப்பளித்தார். அந்தப் பெயர் ஆரோக்கியமான டேட்டாபேஸ்களிலும் முதலில் நிற்பது சர்வசாதாரணம் என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணொருத்தி மெல்ல வாய் திறந்தாள்.

“சார், ராத்திரி ஓடும்போதே அந்தச் செஷனை மட்டும் பாத்தேன் சார். நேரமெல்லாம் எஸ்க்யூஎல்நெட் மெசேஜ் ஃப்ரம் கிளையன்ட்லதான் போயிருக்கு.”

“அது ஐடில் வெயிட்டும்மா. அதையெல்லாம் கணக்குல சேக்கக்கூடாது.”

திரையைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற மனிதர் விஷயத்தில் இந்தச் சாஸ்திரம் வாஸ்தவமே. ரிப்போர்ட்டும் அதனால்தான் முதல் வரிசைப் பட்டியலில் அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் நள்ளிரவில் ஓடும் பேட்ச் ஜாப் டீ குடிக்கப் போவதில்லையே! வேறொரு நகரத்து மெஷினிலிருந்த புரோகிராம், 10 லட்சம் வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை போய்வர 10 மில்லிசெகண்ட் ஆனாலும், போக்குவரத்துக்கு மாத்திரம் 10,000 செகண்ட், அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். நூறு நூறாகக் கேட்டால் அதுவே 100 செகண்ட். குற்றவாளியாக நிறுத்தப்பட்ட டேட்டாபேஸ், பாவம், அடுத்த கேள்வி எப்போது வருமென்று வாசலில் நின்றுகொண்டிருந்தது.

புரோகிராமைத் திருத்தினார்கள், ஜாப் விடியுமுன் முடிந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில், ‘ஐடில் வெயிட்டை அலட்சியம் செய்யலாகாது’ என்ற விஷயத்தைப் பற்றிப் பண்டிதர் முக்கால் மணி நேரம் உபந்நியாசம் செய்து கைதட்டலும் பெற்றார். அந்தப் பெண்ணுக்கு நிரந்தரமாக நைட் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள்.